திரையில் தேறியவள்

அக்கா இருமினாள். இரண்டு தலையணைகளை அண்டக்கொடுத்துக் கட்டிலில் உட்காரவைத்திருந்த அந்த உடம்பு, ஈரத்துணியைப் பிழிகிறபோது முறுக்கிக்கொள்வது மாதிரி ஒருதரம் முறுக்கிக்கொண்டு, உள்ளே எங்கேயோ தண்ணீர் புரளும் சத்தத்தோடு இருமி ஓய்ந்தது. அவன் ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, எதிரே ஸ்டூலில் வீடியோ அழைப்புக்காகச் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்தான். திரை முழுக்க நர்ஸின் முகம். மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இந்த அறை, கட்டில், அக்கா.

கட்டத்துக்குள் இருந்த அக்கா இருமவில்லை.

நெட் மெதுவாக இருக்கும் என்று நினைத்தான். எப்போதுமே ஒரு நொடி, ஒன்றரை நொடி பிந்தித்தான் வரும். இங்கே கையைத் தூக்கினால் அங்கே கை யோசித்துத் தூக்கும். அதனால் இருமல் வந்துசேரட்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. கட்டத்துக்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தவள் போல நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தேழு. நாடி எழுபத்திரெண்டு. ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றாள் நர்ஸ். "தூங்கினீங்களா?"

"எங்க தூங்குறது," என்றாள் அக்கா மூச்சு வாங்க. "படுத்தா நெஞ்ச அடைக்குது."

"அப்படித்தான் இருக்கணும், நல்ல தூக்கம் பாதி மருந்து. மதியம் ஒன்றரைக்குப் பாக்கலாம்."

திரை அணைந்தது. நர்ஸுக்கு நூறு நோயாளி, காதில் சரியாக விழுந்திருக்காது. அவன் அப்படி நினைத்துக்கொண்டு, போர்வைக்கு அடியில் இருந்த கிளிப்பைத் திறந்து தன்னுடைய விரலை வெளியே உருவினான்.

இருபத்திரண்டு நாளாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அவனுக்கு வேலை ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்து வருவதை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறி, சூடான உருளைகளின் வாயில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கொடுத்துக் கொடுத்து அவன் விரல்கள் எந்நேரமும் வெந்நீரில் முக்கி எடுத்தது போலச் சிவந்து சூடாக இருக்கும். அக்கா ரெடிமேட் துணிக் கம்பெனியில் காஜா மெஷினில் இருந்தவள். சட்டைக்குப் பொத்தான் துளை போட்டே அவள் விரல்நுனிகள் தோல் தடித்துக் கொம்பு மாதிரி ஆகிவிட்டன. கட்டிக்கொண்டவன் மூன்றாம் வருடமே கம்பி நீட்டிவிட, அவள் தம்பியையே பிள்ளையாக வைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறது.

முன்பெல்லாம் மாதம் ஒருமுறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீடு மூன்றாம் மாடி. லிப்ட் என்று ஒன்று உண்டு, அதில் கட்டடத்துக்காரர் பழைய பெயின்ட் டப்பாக்களை வைத்திருந்தார். அவனும் கூட வேலை பார்க்கும் நெட்டையனும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து முன்னும் பின்னும் பிடித்து இறக்குவார்கள். "ரெண்டு பேரும் சேந்து என்னைய இப்பவே தூக்கிட்டுப் போறீங்க, பழகிக்கிறீங்களா?" என்பாள். கீழே வருவதற்குள் வாந்தி. ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் நாலுக்குக் கூப்பிடுவார்கள். டாக்டர் நாலு நிமிஷம் பார்ப்பார். கடைசியாகப் போனபோது அந்த நடைக்கூடத்திலேயே அக்கா சேலையை நனைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இனிமே என்னைய அங்க தூக்கிட்டுப் போவாத. செத்தா இந்தக் கட்டில்லயே சாவுறேன். சத்தியம் பண்ணு," என்றாள். பண்ணினான்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து, வீட்டிலிருந்தபடியே வைத்தியம் பார்க்கும் இந்தத் திட்டம் வந்தது. ஒரு டேப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் கிளிப், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. கிளிப்பில் வரும் எண் தானாகவே அங்கே போய்விடும். காலை ஆறு, மதியம் ஒன்றரை, சாயங்காலம் ஆறு. நர்ஸ் வருவாள், பார்ப்பாள், போவாள். புதன்கிழமை டாக்டரே வருவார். கை கொடுத்த தெய்வம் என்றால் அது அந்த டேப்தான். முதல் மாதத்திலேயே, அக்காவை வறட்டு இருமல் படுத்தியது ஒரு மாத்திரையால் என்று டாக்டர் இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்து மாற்றினார். ஆஸ்பத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிடாதவர் இங்கே "சாப்பாட்டுல உப்பு குறைச்சீங்களா, தம்பி மேல பழிபோடாம சொல்லுங்க" என்று சிரித்தார். அக்கா தன் கட்டிலில், தன் நைட்டியில், ராணி மாதிரி உட்கார்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டாள்.

குளிர் வந்ததும் அவள் விரல்கள் சில்லிட்டுப்போயின. கிளிப் எண்ணைக் காட்டாமல் இரண்டு கோடுகளைக் காட்டியது. ஒரு விரல், இன்னொரு விரல், பத்து விரலும் கோடு. நர்ஸ் பொறுமையாகத்தான் இருந்தாள். "மூணு வேளை தொடர்ந்து எண் வரலைன்னா வார்டுக்குக் கூட்டிட்டு வரணும்மா, அதுதான் சட்டம்," என்றாள். இரண்டு வேளை போயிற்று. மூன்றாம் வேளை மணியடிக்கும்போது அக்கா அவனைப் பார்த்தாள். அடுத்த வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, "உன் விரலக் கொஞ்சம் குடுடா," என்றாள்.

கொடுத்தான். போர்வைக்கு அடியில், அவள் கைக்குப் பக்கத்தில், கிளிப்புக்குள் அவன் விரல். தொண்ணூற்றேழு. எழுபத்திரண்டு. அணைத்த பிறகு இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்த பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். நாளைக்கு வெயில் வந்ததும் சரியாகிவிடும் என்று வைத்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டு நாள்.

அன்று வேலைக்குப் போயும் அந்த இருமல் அவனை விடவில்லை. உருளைகளின் சூட்டில், சோடாவும் வெந்த பஞ்சும் கலந்த வாடையில், விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி எதிர்முனையில் இருந்த நெட்டையனிடம் சொன்னான்.

"அக்கா டேப்புல வேற மாதிரி தெரியுதுடா."

"எப்படி?"

"நல்லா இருக்கா."

நெட்டையன் விரிப்பை உதறினான். "டிவில வர்றவன் எல்லாம் அழகாத்தான்டா தெரிவான். நான் கூட செல்பியில மாப்பிள்ளையாட்டம் இருக்கேன். இழு, மூலை மடங்குது பாரு."

மதிய அழைப்புக்காக நாலு தெருவை ஓடிக் கடந்து வீட்டுக்கு வந்தபோது அறை கனத்துக் கிடந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அக்கா ஜன்னல்திரையை இழுத்துவிடச் சொல்லியிருந்தாள். மாத்திரை உறை, பழைய வியர்வை, ரப்பர் விரிப்பு, இவற்றுக்கு அடியில் சில நாளாக இன்னொரு வாடையும் இருந்தது. சரியாகக் காயாத துணியை மடித்து வைத்தால் நாலாம் நாள் வருமே, அது. அவனுக்கு அந்த வாடை தொழில்முறையில் தெரியும். அது துணியிலிருந்து வரவில்லை என்பதும் தெரிந்தது. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தான். கணுக்கால் என்று ஒன்று இல்லை. பாதம் முதல் முழங்கால் வரை ஒரே பருமன், மினுமினுப்பு. கட்டைவிரலால் அழுத்தினான். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் பிசைந்த மாவில் பதிந்தது போல அது அப்படியே நின்றது.

புதன்கிழமை என்பதால் சாயங்காலம் டாக்டர் வந்தார்.

"காலக் காட்டுங்க," என்றார்.

வலது கை விரல் போர்வைக்கடியில் கிளிப்புக்குள் இருந்ததால் இடது கையால் டேப்பைச் சாய்த்துக் காலுக்கு நேராகக் காட்டினான்.

"அடடே! வீக்கம் சுத்தமா வடிஞ்சிருச்சே. எலும்பு தெரியுது பாருங்க."

அவன் குனிந்து மூலைக் கட்டத்தைப் பார்த்தான். மெலிந்த கால். கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் பச்சை நரம்புகூடத் தெரிந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால்.

"டாக்டர், குழி விழுது டாக்டர். அழுத்துனா அப்படியே நிக்குது."

"எங்க, அழுத்துங்க பாப்போம்." டேப்பைத் தொடையில் சாய்த்துக்கொண்டு அழுத்தினான். விரல் உள்ளே புதைந்தது. "ம், ஒண்ணுமில்லையே. பாத்துப் பாத்து உங்களுக்கு அலுப்பு தட்டிருச்சு தம்பி. எண்ணெல்லாம் இருபது வயசுப் பொண்ணு மாதிரி இருக்கு. நீர் மாத்திரைய பாதியாக்கிடுவோம்."

நல்ல மனுஷன்தான். அவர் கண்ணுக்கு எது தெரிந்ததோ அதைத்தான் சொன்னார். ஆனால் அழுத்திப் பார்க்க இந்தப் பக்கம் அவருக்குக் கை கிடையாது. முகர்ந்து பார்க்க மூக்கு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கை அவனுடையது, அந்தக் கையோ பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று அவன் சரியாகத் தூங்கவில்லை. காலையில் முடிவோடு எழுந்தான். சத்தியமாவது மண்ணாவது, உண்மையான எண் அங்கே போகட்டும், வார்டுக்குக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அக்காவின் கையைச் சுற்றிப் பொத்தி, தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி, மணியடித்ததும் அவளுடைய ஆள்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினான். "என்னடா பண்ணுற," என்றாள். தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. கிளிப் கொஞ்சம் யோசித்தது. எழுபத்தொன்பது என்று ஒருமுறை காட்டியது. பிறகு கோடுகள்.

"ஹலோ, கேக்குதா?" என்றாள் நர்ஸ். "அம்மா, படம் நின்னுபோச்சு."

கட்டத்துக்குள் அக்கா நின்றுபோயிருந்தாள். ஏதோ சொல்ல வந்த வாய் பாதி திறந்தபடி.

ஆனால் அவளுக்குப் பின்னால் ஜன்னல்திரை மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அறையில் ஆடியது போலவே, ஒன்றரை நொடி பிந்தி, கட்டத்துக்குள்ளும் ஆடியது. படம் நிற்கவில்லை. அவள் மட்டும்தான் நின்றிருந்தாள்.

அவள் கண் அசைந்தது. முகம் அசையவில்லை, கண் மட்டும். மெதுவாக, கண்ணின் ஓரத்துக்கு, அவன் நின்றிருந்த பக்கத்துக்கு.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்னால் கிளிப்பைப் பிடுங்கித் தன் விரலில் மாட்டிக்கொண்டிருந்தான்.

கட்டத்துக்குள் அவள் மூச்சை இழுத்தாள். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவள் போல.

"ஆ, வந்துருச்சு வந்துருச்சு," என்றாள் நர்ஸ். "தொண்ணூத்தேழு. சூப்பர்."

அழைப்பு முடிந்த பிறகு அக்கா நெடுநேரம் அந்தக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகளில் ஊதா படர்ந்திருந்தது. "யாருடா அவ," என்றாள்.

"யாருக்கா?"

"அதான், அதுக்குள்ள. என் நைட்டியப் போட்டுக்கிட்டு."

அவன் டேப்பைக் கவிழ்த்து வைத்தான்.

வேலைக்குப் போகாமல் அவசர எண்ணுக்குப் போன் போட்டான். அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது, வண்டி அனுப்புங்கள் என்றான். மறுமுனையில் இருந்தவன் பதிவைத் தட்டிப் பார்த்தான். "இவங்க வீட்டுலேருந்தே வைத்தியம் பாக்குற திட்டத்துல இருக்காங்களே சார். இன்னைக்குக் காலையில எண் தொண்ணூத்தேழு. நேத்து டாக்டரே பாத்து நல்லா இருக்குன்னு எழுதியிருக்கார். மூச்சு முட்டுறவங்களுக்கு தொண்ணூத்தேழு வராது சார்."

"அது என் விரல்ங்க."

"புரியல சார்."

"அந்த எண்ணு என்னோடது. நான் என் விரலக் குடுத்தேன்."

"சார், உங்களுக்குத் துணைக்கு யாராவது இருக்காங்களா? நான் உங்க நர்ஸுக்குத் தகவல் போட்டுடுறேன். சாயங்காலம் கூப்பிடும்போது அவங்ககிட்ட பேசுங்க." வைத்துவிட்டான். அந்த ஆள்மீதும் தப்பில்லை. இத்தனை நாளாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது ஒரு ஆரோக்கியமான பெண்ணின் கணக்கு.

நெட்டையனுக்குப் போன் போட்டான். "நாற்காலி வேணும்டா. தூக்கணும்." நெட்டையன் கேலி பேசவில்லை. "ஆறு மணிக்குத்தான் விடுவானுங்க. ஆறரைக்கு வந்துடுறேன். அதுவரைக்கும் உக்காத்தியே வச்சிரு, படுக்க விடாத," என்றான்.

அந்தப் பகல் முழுவதும் அவன் அவளைப் பின்னாலிருந்து தாங்கியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மதியம் ஒன்றரைக்கு டேப் கவிழ்ந்தபடியே அடித்து ஓய்ந்தது; அதைத் திருப்ப அவன் துணியவில்லை. மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது குமிழிகள் உடைகிற சத்தம். அவள் தலை அவன் தோளில் கிடந்தது. முடியில் எண்ணெய் சிக்கு வாடை. பன்னிரண்டு வருடம் நின்ற கால் மாதிரி அவன் உடம்பே அலுத்துக் கிடந்தது, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கியது. சொக்கும்போதெல்லாம் அவள் மூச்சு நின்றுவிட்டதாகத் தோன்றித் திடுக்கிட்டு விழித்தான். நிற்கவில்லை. இன்னும் நிற்கவில்லை.

ஆறு மணிக்கு டேப் அடித்தது.

எடுக்க வேண்டாம் என்று நினைத்தான். ஆனால் நர்ஸிடம் சொல்லச் சொல்லியிருந்தார்களே. கையை நீட்டி நிமிர்த்தி ஸ்டூலில் வைப்பதற்குள் அதுவே திறந்துகொண்டது. எழுந்து எடுக்க முடியாத நோயாளிகளுக்காக, நிமிர்ந்திருந்தால் மூன்றாம் தரம் மணியடித்ததும் தானே திறக்கும்படி வைத்திருந்தார்கள்.

"சிஸ்டர், வண்டி அனுப்புங்க," என்றான். "அக்காவுக்கு முடியல. இவ்வளவு நாள் நான் பொய் சொன்னேன். அது அவ விரல் இல்ல, என்னோட விரல்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவனைப் பார்க்கவில்லை. கட்டத்தைப் பார்த்தான். கட்டத்துக்குள் அவன் இல்லை. அக்கா மட்டும் இருந்தாள். தலை வாரியிருந்தாள். கன்னத்தில் சதை இருந்தது. கிளிப் இல்லாததால் அசைவில்லாமல், நேராக, அவனைப் பார்த்தபடி.

"படம் நிக்குதே," என்றாள் நர்ஸ். "கிளிப்ப மாட்டுங்கம்மா."

"சிஸ்டர், இந்தப் பக்கம் பாருங்க! இவதான் அக்கா!"

அவன் கத்தியது அறையிலேயே விழுந்தது.

தோளில் கிடந்த தலை அசைந்தது. அக்கா ஏதோ சொன்னாள். குனிந்து காதை வைத்தான்.

"போதும்டா," என்றாள்.

விசில் வந்தது. குமிழி வரவில்லை.

காத்திருந்தான். ஒன்றரை நொடி. இரண்டு. பத்து.

"அக்கா."

உலுக்கினான். தோளிலிருந்து மடிக்குச் சரிந்தாள். தாடை தொங்கியது. கன்னத்தில் தட்டினான். கையைப் பிடித்தான். குளிர்ந்த கை. அது எப்போதுமே குளிர்ந்த கைதான், அதனால் தெரியவில்லை. எப்போது போனாள் என்று தெரியவில்லை.

"அம்மா? கேக்குதாம்மா?"

நிமிர்ந்தான். கட்டத்துக்குள் அவள் அப்படியே இருந்தாள். கன்னத்தின் நிறம் போய்க்கொண்டிருந்தது. உதட்டில் ஊதா. கண் மட்டும் உயிரோடு. அந்தக் கண் அவனுக்குத் தெரியும். காய்ச்சலில் அவன் கிடந்தபோது ராத்திரியெல்லாம் அவன் மேலே குனிந்திருந்த கண். அதில் இவ்வளவு பயத்தை அவன் பார்த்ததில்லை. உதடு அசைந்தது. சத்தம் இல்லை. வாசிக்கத் தெரிந்தது.

தம்பி.

இன்னொரு தரம்.

தம்பி.

மடியில் ஒருத்தி கனத்துக் கிடந்தாள். கட்டத்தில் ஒருத்தி மூழ்கிக்கொண்டிருந்தாள். போர்வையில் கிளிப் கிடந்தது. கோடு. கோடு.

ஒரே நாளில் இரண்டு தரம் அவளை எப்படிச் சாகவிடுவது?

விரலைக் கொடுத்தான்.

அவள் மூச்சை இழுத்தாள். கட்டத்திலிருந்த முகத்தில் ரத்தம் ஏறியது. தோள் தளர்ந்தது.

"தொண்ணூத்தேழு, எழுபத்திரெண்டு," என்றாள் நர்ஸ். "உங்க தம்பி காலையில அவசர எண்ணுக்குப் போன் போட்டாராமே?"

"அவனுக்கு வேலை அலுப்பு சிஸ்டர்," என்றாள் அவள். அக்காவின் குரல். மூச்சு வாங்காத, பழைய, கணீரென்ற குரல். "தூங்குறதே இல்ல. கண்டதையும் நெனச்சுக்கிறான்."

"கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்க. அப்புறம் ஒரு நல்ல செய்தி. டாக்டர் மூணு வேளை கூப்பிடத் தேவையில்லன்னுட்டார். கிளிப்ப மாட்டினபடியே விட்டுடுங்க. ராத்திரி பகல் எந்நேரமும் எண் இங்க வந்துக்கிட்டே இருக்கும், நாங்க பாத்துக்கிறோம். கழட்ட மட்டும் கூடாது. சரியாம்மா?"

"கழட்ட மாட்டான் சிஸ்டர்," என்றாள் அவள்.

நர்ஸ் போய்விட்டாள். திரை அணையவில்லை. நர்ஸ் இருந்த இடம் காலியானதும் மூலைக் கட்டம் மெதுவாக விரிந்து திரை முழுக்க நிறைந்தது.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. டேப்பின் வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்தில் மடியில் இருந்தவளின் முகம் நீலமாக, வாய் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டிருந்தது. தொடை நனைவதை உணர்ந்தான். அசையவில்லை. அசைந்தால் கிளிப் நழுவும்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். பிளாஸ்டிக் நாற்காலி கைப்பிடிச் சுவரில் இடித்தது. கதவு தட்டப்பட்டது.

"டேய், நான்தான். தொற."

வாயைத் திறந்தான். திரையில் அவள் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள். கெஞ்சுகிற மாதிரி.

"டேய்! அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் தம்பி," என்றாள் திரையிலிருந்து. கணீரென்று. "இப்பத்தான் சரியாச்சு. இவன் தூங்குறான், எழுப்பாத. நாளைக்கு வா."

வெளியே நெட்டையன் நிம்மதியாகச் சிரிப்பது கேட்டது. "குரலே தெளிஞ்சிருச்சே அக்கா. பயமுறுத்திட்டான் படவா. சரி, நான் வரேன்."

நாற்காலியின் கால்கள் படிப்படியாகத் தட்டிக்கொண்டு இறங்கின. இரண்டாம் மாடி. முதல் மாடி. தெரு.

விரல் மரத்திருந்தது. அதனுள்ளே நாடி மட்டும் அடித்தது. எழுபத்திரண்டு. அது அடிக்கும்போதெல்லாம் திரையில் அவள் கழுத்து நரம்பு அடித்தது. ஒன்றரை நொடி பிந்தாமல். சேர்ந்து.

கண் சொக்கியது அவனுக்கு.

அவள் திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். மூச்சு பட்டு உள்பக்கத்தில் ஆவி படர்ந்தது. பெற்ற தாயைப் போல அவனைப் பார்த்தாள். மடியில் கிடந்தவளைப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டியாடா?" என்றாள்.